திறக்கிற பக்கத்தில்தான் கவனம்: தானியங்கிக் கதவுக்குக் காப்புத் திரை எதற்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் வைத்தியசாலை. அம்மாவுக்கு நம்பர் எடுத்துவிட்டு வாசலுக்கு உட்பக்கம் கிடந்த கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நடுவில் இரண்டு கண்ணாடிகள் ஓடும், இரு பக்கமும் அசையாத கண்ணாடி ஒவ்வொன்று. மூன்று வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை அந்த அசையாத கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு காலி வீதியில் போகிற பஸ்களை எண்ணிக்கொண்டு நின்றாள். வெளியே எக்ஸ்ரே உறையும் கையுமாக ஒருவர் வந்தார். கதவு திறந்தது. ஓடிவந்த கண்ணாடியின் ஓரம் பிள்ளையின் தோளில் பட்டு, அவளைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி, அப்புறம்தான் நின்றது.

காயம் ஒன்றும் இல்லை. பயத்தில்தான் வீரிட்டாள். அம்மம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "அங்க போய் நிக்காத எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று அவளையே ஏசினார். செக்கியூரிட்டி ஐயா ஒன்றும் பேசவில்லை. தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து அந்த மூலையில் போட்டார். பக்கத்தில் நின்ற குரோட்டன் சாடியையும் காலால் நகர்த்தி அதோடு சேர்த்துவிட்டார்.

காப்புத் திரை என்பது அந்தக் கதிரையும் சாடியும் செய்த வேலையை ஒழுங்காகச் செய்கிற சாமான். தானியங்கிக் கதவு திறக்கும்போது கண்ணாடி எந்த இடத்துக்குள் போய் ஒதுங்குகிறதோ, அந்த இடத்துக்குள் ஆள் நுழையாமல் மறித்து நிற்கும் ஒரு பலகை. பெரும்பாலும் அதுவும் கண்ணாடிதான். ஓடுகிற கதவுக்குச் சமாந்தரமாக, உட்பக்கத்தில் நிற்கும். அசையாத கண்ணாடிக்கும் இந்தத் திரைக்கும் நடுவில் ஒரு சட்டைப்பை போல ஒடுங்கிய இடம் உண்டாகும். கதவு அதற்குள் போய் வரும். சுப்பர் மாக்கெட்டிலும் வங்கியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு ஒரு கண்ணாடி கூடுதலாக நிற்கிறது என்று நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள்.

கதவு என்றால் மூடும்போதுதான் நசுக்கும் என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற நினைப்பு. வீட்டுக் கதவில் விரல் நசுங்கிய அனுபவம் அப்படி. தானியங்கிக் கதவைச் செய்தவர்களும் முதலில் அந்தப் பயத்துக்குத்தான் மருந்து கண்டார்கள். வாசலுக்கு மேலே நீளமாக ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் மோட்டார், பல் வைத்த பெல்ட், கண்ணாடியைத் தொங்கவிட்டு உருட்டும் சில்லுகள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. பெட்டியின் முகப்பில் கறுப்பாகத் தெரிவது சென்சர். அதற்குள் இரண்டு வகை வேலை நடக்கும். ஒன்று ராடார்: 24 கிகாஹேர்ட்ஸ் அளவில் அலையை அனுப்பி, திரும்பி வருகிற அலையின் மாற்றத்தை வைத்து ஆள் நடந்து வருகிறார் என்று அறியும். அசைவு இருந்தால்தான் அதற்குத் தெரியும். மற்றது அகச்சிவப்புக் கதிர்: வாசற்படி நெடுக ஒரு கண்ணுக்குத் தெரியாத மறைப்பை விரித்து, அதற்குள் யாராவது சும்மா நின்றாலும் கதவை மூடவிடாது.

அதனால் நடுவாசலில் நின்று நீங்கள் போனில் கதைத்துக்கொண்டிருந்தாலும் கதவு காத்திருக்கும். நல்ல மரியாதை. ஆனால் அந்தக் கதிர் பார்ப்பது வாசற்படியை. அசையாத கண்ணாடியின் ஓரத்தில், ஒரு மீற்றர் தள்ளி நிற்கிற பிள்ளையை அது பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு சென்சர் வைத்தால்தான் பார்க்கும். போதாததற்கு, கதவு மூடும்போது மெதுவாக வரும், திறக்கும்போது விரைவாக ஓடும். வருகிறவரைக் காக்கவைக்கக் கூடாது என்று அப்படித்தான் அமைப்பார்கள். வேகம் கூடிய பக்கத்தில் கண் இல்லை. சிக்கல் அங்கேதான்.

கண்ணாடிதானே, தட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 25 கிலோ. ஒரு மீற்றர் அகலம், 2.2 மீற்றர் உயரம் என்றால் 55 கிலோ. அலுமினியச் சட்டமும் சேர்ந்தால் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடினால் அதில் இருக்கும் ஆற்றல் 7.5 ஜூல். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைச் சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொண்டால் வருமே, ஏறத்தாழ அவ்வளவு. இளைஞனுக்கு இது பெரிய விஷயமில்லை. இடுப்பு எலும்பு தேய்ந்த ஒரு அம்மம்மாவுக்கு, நிலை தடுமாறி விழ இது தாராளம்.

ஓடும் கதவு ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1954இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கோர்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை நகரில், டீ ஹோர்டன், லூ ஹெவிற் என்ற இருவர் தானாக ஓடித் திறக்கும் கதவைப் பற்றி யோசித்தார்கள். அங்கே அடிக்கிற காற்றில் முன்னும் பின்னும் ஆடித் திறக்கும் கதவு சரிப்பட்டு வரவில்லை. 1960இல் முதலாவது கதவு அந்த நகரத்திலேயே பொருத்தப்பட்டது. காலிமுகத்திடல் பக்கம் தென்மேல் பருவக்காற்று நேரத்தில் ஒரு கண்ணாடிக் கதவைக் கையால் தள்ளித் திறந்தவர்களுக்கு அவர்கள் பாடு உடனே விளங்கும். காற்றுக்குப் பதில் சொன்ன கதவு, பக்கவாட்டில் ஒரு புது ஆபத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் திரை.

சரி, ஆபத்து சரியாக எந்த இடத்தில்? உட்பக்கத்தில் நின்று பாருங்கள். ஓடும் கண்ணாடிக்கு இரண்டு ஓரம் இருக்கிறது. இரண்டு கதவும் நடுவில் வந்து முட்டுகிற ஓரத்தை முன்னோரம் என்போம். மறுபக்கத்து ஓரம் பின்னோரம். கதவு திறக்கும்போது பின்னோரம்தான் முன்னால் போகும். சுவரையோ தூணையோ நோக்கிப் போகும். அந்தச் சுவருக்கும் பின்னோரத்துக்கும் நடுவில் ஆள் நின்றால் நெருக்குப்படுவார். வைத்தியசாலையில் அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். வெளிப்பக்கத்தில் வேறு மாதிரி. அங்கே கைகளை ஓடும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவரின் விரலை, கண்ணாடி தன்னோடு இழுத்துக்கொண்டு போய் அசையாத சட்டத்தின் இடுக்கில் செருகும். சின்னப் பிள்ளைகளின் ஈரக் கை கண்ணாடியில் நன்றாக ஒட்டும். அதனால் அவர்களுக்குத்தான் இது கூடுதலாக நடக்கும்.

இதற்கெல்லாம் அளவு சொல்கிற ஒரு ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது: ஈஎன் 16005. ஐரோப்பிய அளவில் 2012இல் வந்தது. அதற்கு முன்பு ஜெர்மன்காரர்கள் டிஐஎன் 18650 என்று தங்களுக்கென ஒன்று வைத்திருந்தார்கள். கொழும்பில் பொருத்தப்படும் கதவு ஐரோப்பியத் தயாரிப்பாக இருந்தால் அதன் கையேட்டில் இந்த எண் இருக்கும். தரநிலைக்குள் பக்கம் பக்கமாக என்னென்னவோ எழுதியிருக்கிறது. புதிதாக விளங்கிக்கொள்கிறவருக்குச் சில எண்கள் போதும்.

விரலுக்கு 8, 25. ஓடுகிற பொருளுக்கும் நிற்கிற பொருளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 8 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருந்தால் விரல் உள்ளே போகாது. 25 மில்லிமீற்றர், அதாவது நம் மேசன் பாஸ்மார் சொல்லும் ஒரு அங்குலம் இருந்தால், விரல் போனாலும் நெரியாமல் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுப்பட்ட அளவுதான் கூடாது. முக்கால் அங்குலம் விட்டிருக்கிறோம், பரவாயில்லை என்று யாராவது சொன்னால், அதுதான் விரல் போய் மாட்டுகிற அளவு.

உடம்புக்கு 100, 200, 500. ஓடும் கண்ணாடிக்கும் அதற்குச் சமாந்தரமாக நிற்கும் சுவருக்கோ திரைக்கோ நடுவில் 100 மில்லிமீற்றருக்கு, நாலு அங்குலத்துக்கு, மேல் இடம் இல்லாவிட்டால் அதற்குள் ஆள் நுழைந்து நிற்க முடியாது. அப்போது கதவு முழுக்கத் திறந்து நிற்கும்போது பின்னோரத்துக்கும் அந்தலைச் சுவருக்கும் நடுவில் 200 மில்லிமீற்றர் மிச்சம் விட்டால் போதும். ஒரு தலை நெரியாத அளவு அது. சமாந்தர இடைவெளி 100க்கு மேல் போனால் முழு ஆளே உள்ளே வந்து நிற்கலாம். அப்போது கடைசியில் 500 மில்லிமீற்றர் விட வேண்டும். கொழும்பில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு, வாசலின் இரு பக்கமும் அரை அரை மீற்றர் சும்மா விடு என்றால் நெஞ்சு பொறுக்குமா? அதனால்தான் பெரும்பாலான இடங்களில் திரை போடுவது இலாபமாகிறது. சுவரைத் தள்ளிக் கட்ட முடியாது, திரையைக் கிட்ட வைக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலரும் தவறுவது இதில்தான். உட்பக்கத்தில் திரை இல்லாதபோது ஓடும் கண்ணாடியின் உள்முகத்துக்குப் பக்கத்தில் அசையாத பொருள் ஒன்றும் இல்லை. கையை வைத்தால் கை கூடவே போகும், அவ்வளவுதான். திரையைக் கொண்டுவந்து வைத்தவுடன் அதன் முன் ஓரத்துக்கும் ஓடும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு புதிய இடுக்கு பிறக்கிறது. வெளிப்பக்கத்தில் விரலை இழுக்கிறது என்று சொன்னேனே, அதே இடுக்கு இப்போது உள்ளேயும். ஆகவே திரையும் அந்த 8, 25 கணக்குக்குள் நிற்க வேண்டும். உடம்பைக் காப்பாற்றப் போட்ட சாமான் விரலைப் பிடித்தால் என்ன பிரயோசனம்? தொங்கிக்கொண்டு ஓடும் கண்ணாடி கொஞ்சம் ஆடும் என்பதால் 8 மில்லிமீற்றருக்குள் வைப்பது சொல்வதுபோல் இலகு அல்ல. 25ஐத் தாண்டி, ஆனால் 100க்குள் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

பென்சிலை வைத்து நீங்களே பார்க்கலாம். சாதாரண பென்சிலின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். கதவை நிறுத்திவைத்துவிட்டு, பென்சில் இடுக்குக்குள் தாராளமாகப் போய் ஆடுகிறதா, ஆனால் ஒரு அங்குலக் கட்டை போக மறுக்கிறதா? அப்படியென்றால் பொருத்திய ஆளைக் கூப்பிடுங்கள். விரலை விட்டுப் பார்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆள் விரலை விட்டுப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திரையை எதில் செய்வது? கண்ணாடியை விரும்புகிறவன் நான். உள்ளே கதவு ஓடுவது தெரியும், வெளிச்சம் மறையாது. வன்மையாக்கிய கண்ணாடி, கடையில் டெம்பர்ட் என்று கேட்டால் தருவார்கள், உடைந்தாலும் வாள்போலக் கூரான துண்டாக விழாமல் கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டும். ஆனால் அதைச் சூடாக்கி வன்மையாக்கிய பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாது. அளவெடுக்கும்போதே எல்லாத் துளைக்கும் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தாலும் முழுக் கண்ணாடியும் வீண். பொலிகார்பனேற் உடையாது, இலேசானது. ஆனால் தினமும் துடைக்கிற இடத்தில் ஒரு வருடத்துக்குள் கீறல் விழுந்து மங்கிப்போகும். கண்ணாடியானால் அதன்மேல் கண் மட்டத்தில் ஒன்று, பிள்ளைகளின் உயரத்தில் ஒன்று என்று இரண்டு பட்டி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் திரையிலேயே போய் முட்டிக்கொள்வார்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலோரம் நெடுக இருப்பவர்களுக்கு இன்னொரு தலையிடி, உப்புக் காற்று. திரையைத் தரையில் பிடித்து நிற்கிற ஸ்குரூவும் பிடியும் 304 வகைத் துருவேறா உருக்காக இருந்தால் நாளாவட்டத்தில் மண்ணிறப் புள்ளி விழத் தொடங்கும். 316 வகையில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலை கொஞ்சம் கூட. ஒரு திரைக்கு வேண்டியது நாலைந்து பிடிதானே, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திரை வேண்டாம் என்றால் வேறு வழி இல்லையா? இருக்கிறது. பின்னோரம் ஓடுகிற பக்கத்துக்கும் ஒரு அகச்சிவப்புச் சென்சர் வைக்கலாம். ஆள் நின்றால் கதவு வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். நல்ல முறைதான், ஆனால் கொழும்பில் நான் காண்கிற குறை ஒன்று: அந்த இடத்தில் யாராவது எதையாவது வைத்துவிடுகிறார்கள். தைப்பொங்கலுக்கு வாழைக்குட்டி, வெசாக்குக்குக் கூடு, நத்தாருக்கு மரம், திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு. சென்சர் அதை ஆள் என்று எடுத்துக்கொண்டு கதவைப் பாதியில் நிறுத்தும். முறைப்பாடு வரும். முறைப்பாட்டுக்கு வருகிறவர் சென்சரின் அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டுப் போவார். வாழைக்குட்டியை எடுத்த பிறகும் அது நிறுத்தினபடியே கிடக்கும். திரையை யாரும் இப்படிச் சத்தமில்லாமல் நிறுத்திவைக்க முடியாது.

இன்னொரு வழி, கதவையே மெதுவாக ஓடவிடுவது. தொட்டாலும் நோகாத அளவு என்று 1.69 ஜூலைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே தண்ணீர்ப் போத்தலை ஒரு சாணுக்கும் குறைந்த உயரத்திலிருந்து போடுவது போல. மேலே சொன்ன 60 கிலோ கதவு அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் செக்கனுக்கு 23 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. பழைய வேகத்தில் பாதிக்கும் குறைவு. மழை நேரத்தில் குடையைச் சுருக்கிக்கொண்டு பத்துப் பேர் வாசலில் நெருக்கும்போது இந்த வேகம் பொறுமையைச் சோதிக்கும். அதோடு முதியவர்கள், நோயாளிகள், சின்னப் பிள்ளைகள் கூடுதலாக வருகிற இடத்தில் கதவு ஆளை மெதுவாகக்கூடத் தொடக் கூடாது என்பதுதான் அந்தத் தரநிலையின் நிலைப்பாடு. வைத்தியசாலைக்கும் முன்பள்ளிக்கும் இந்த வழி தனியே போதாது.

திரை போடுகிறவர்கள் தீப்பிடித்தால் வெளியேறுகிற விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அவசரத்தில் தள்ளினால் வெளிப்பக்கமாக விரிந்து திறக்கிற ஓடும் கதவுகள் இருக்கின்றன. அந்த விரிவுக்கு உள்ளே நிற்கும் திரை குறுக்கே வரக் கூடாது. மின்வெட்டும் அப்படித்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது பற்றரி இறங்கிப்போன கதவுகளைக் கையால் இழுத்துத் திறந்து, கல்லு வைத்து நிறுத்தியிருந்த இடங்கள் எத்தனையோ. கையால் இழுக்கும்போது பிடிக்கக் கைக்கு இடம் வேண்டும். திரை அந்த இடத்தையும் மூடிவிட்டால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளக் கதவுக்குப் போன வருடம் திரை போட்டோம். வைத்தியசாலையில் பார்த்ததை நான் கூட்டத்தில் சொல்லப்போக, "அப்ப நீங்களே பொறுப்பெடுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டேன். இருவர் வாசலின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டு போனார்கள். ஒருவர்தான் கதவைத் திறந்து நிறுத்தச் சொல்லி, பின்னோரத்திலிருந்து தூண் வரைக்கும் ரேப்பைப் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இஞ்ச பதினொரு அங்குலம்தான் இருக்கு. திரையைக் கதவுக்குக் கிட்டத்தான் வைக்கோணும்" என்றார். விலை மற்றவர்களைவிடக் கூட. வேலையை அவருக்கே கொடுத்தோம்.

அவர் சொல்லித்தான் திரைக்குப் பிணைச்சல் வைத்துப் பூட்டும் போட்டோம். திறந்து துடைக்கலாம் என்று. நல்ல யோசனை. ஒரு மாதத்தில் அந்த ஒடுங்கிய இடத்துக்குள் ஒரு பஸ் ரிக்கெற், இரண்டு டொபிக் கடதாசி, ஒரு முகக்கவசம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் சேர்ந்துவிட்டன. கண்ணாடி என்பதால் எல்லாம் வடிவாகத் தெரிகிறது. திரையின் சாவி முகாமையாளரின் லாச்சியில் இருக்கிறது, அவர் திங்கட்கிழமைதான் வருவார். செருப்புக்காரர் இன்னும் கேட்டு வரவில்லை.